ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர்

மே 3, புதன்

இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன். முப்பத்து மூன்று வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். நோட்டில் பதியாத சோதனை சோதனையே அல்ல என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை அழ வைத்தவன். இப்போது என் முறை.

நடந்தது இதுதான். ஏப்ரல் 20, வியாழன், பகல் பதினொன்றேகால். தென்காசியிலிருந்து பாளையங்கோட்டைக்கு, மகள் மங்கையர்க்கரசியின் வீட்டுக்கு, நானும் உலகம்மாளும் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஆலங்குளம் தாண்டியதும் எதிர்ப்பக்கம் இளநீர் வண்டி தெரிந்தது. சாலையின் நடுத்திட்டில் இருந்த இடைவெளி வழியாகத் திருப்பினேன். பாதி தூரம் குறுக்கே போனபோது என்ஜின் நின்றுவிட்டது. சுவிட்சைத் தட்டி விளக்கை அணைப்பது போல நின்றது. எதிரே வந்த காய்கறி வேன் பிரேக் போட்டும் நிற்காமல் இடப்பக்கக் கதவில் மோதியது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் உலகம்மாள். தொடையெலும்பு முறிந்து, பிளேட் வைத்து, இப்போது மங்கை வீட்டில் படுக்கையில் இருக்கிறாள். எனக்குச் சிராய்ப்புகூட இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மருமகன் திருமலைக்குமார் யாரிடமோ போனில் சொன்னது என் காதில் விழுந்தது. "மாமா கிளட்ச்சைப் படக்குனு விட்டுருப்பாங்க. வண்டி ஆஃப் ஆயிருக்கும். அறுபத்தொம்பது வயசுல்லா." அவர் ஓர் ஆலையில் பராமரிப்புப் பொறியாளர். அவர் சொன்னால் மங்கைக்கு அது வேதம். "அம்மா எந்திரிச்சு நடந்தாலும் உங்ககூட அனுப்ப மாட்டேன்ப்பா. அந்தக் காரை முதல்ல வில்லுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். உலகம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

ஜூன் 2 அன்று டாக்டர் பார்த்துவிட்டு, நடக்கலாமா என்று சொல்வார். அதற்குள் நான் நிரூபித்தாக வேண்டும். கிளட்ச்சை நான் விடவில்லை. தவறு இயந்திரத்தில். அது தெரிந்துவிட்டால் உலகம்மாள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

மே 5, வெள்ளி

கார் இங்கே தென்காசியில், மெக்கானிக் செய்யதுவின் பட்டறையில் நிற்கிறது. இடக்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறான். சாவி போட்டால் சொன்னபடி கிளம்புகிறது. அதுதான் என் துரதிர்ஷ்டம்.

"சார், நல்லாத்தான ஓடுது?" என்றான் செய்யது.

"அன்னைக்கு நின்னுச்சே."

"நிக்கிற வண்டியக் கொண்டாங்க, பாக்கேன். ஓடுற வண்டியில என்னத்தப் பாக்க?"

நியாயம்தான். காய்ச்சல்காரன் டாக்டரிடம் போனதும் உடம்பு குளிர்ந்துவிடுகிற கதை. காய்ச்சல் வரும் நேரத்தைப் பிடிக்க வேண்டும்.

மே 9, செவ்வாய்

ஸ்பார்க் பிளக் நான்கும் மாற்றினான். பெட்ரோல் ஃபில்டர் மாற்றினான். கேட்டால், "மாத்தி வைப்போம் சார், எப்படியும் மாத்த வேண்டியதுதான" என்கிறான். இது கண்டுபிடிப்பது அல்ல. கணக்குத் தெரியாத பையன் விடைத்தாளில் எல்லா எண்ணையும் எழுதிப் பார்ப்பது போல.

காரை ஓரத்தில் நிறுத்தி என்ஜினை மட்டும் ஓடவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டேன். முப்பத்தெட்டாவது நிமிடம் வரை எதுவும் இல்லை. செய்யது மதியச் சாப்பாட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் அணைத்துவிட்டோம்.

பால் பாக்கெட் இரண்டு வாங்கும் பழக்கம் விடவில்லை. ஒன்று தினமும் மிஞ்சுகிறது.

மே 12, வெள்ளி

நின்றது! நல்ல உச்சி வெயில். ஐம்பத்தோராவது நிமிடம். அன்று போலவே, முன்னறிவிப்பு இல்லாமல். செய்யதுவின் முகத்தை யாராவது படம் எடுத்திருக்க வேண்டும்.

"அட, ஆமா சார்!"

மறுபடி சாவி போட்டால் மோட்டார் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் ஆறவிட்டதும் ஒன்றுமே நடக்காதது போலப் பிடித்துக்கொண்டது. சூடானால் சாகிறது, ஆறினால் பிழைக்கிறது. முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

மே 14, ஞாயிறு

பஸ்ஸில் பாளையங்கோட்டை போய் வந்தேன். உலகம்மாள் பயிற்சிக்காக வாக்கர் பிடித்து நான்கு அடி நடந்தாளாம். நான் போனபோது உட்கார்ந்திருந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். சூடு, ஆறுதல், ஐம்பத்தொரு நிமிடம் எல்லாம். பொறுமையாகக் கேட்டாள்.

"கேஸ் சிலிண்டர் வந்துட்டா?" என்று கேட்டாள்.

"வந்துட்டு."

"மொட்டை மாடித் தொட்டியில மூடி நகந்து கெடந்துச்சு. பாத்தியளா?"

"பாக்கேன். நான் சொன்னது புரிஞ்சுதா உனக்கு?"

"புரிஞ்சுது" என்றாள். "வண்டி தானா நின்னுச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும்லா."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவளாவது நம்புகிறாள்.

மே 16, செவ்வாய்

முக்கியமான நாள். அன்றைய நிகழ்ச்சியைக் கண்ணை மூடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். என்ஜின் நின்றதும் சாவியைத் திருப்பினேன். ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு விநாடி பிடித்துவிட்டு, பேட்டரி கெட்டுப்போகக் கூடாது என்று நடுவில் ஐந்து விநாடி விட்டேன். நான்கு தடவை. அந்த நான்கு தடவையும் என்ஜின் சுற்றைக் காட்டும் முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்யதுவிடம் சொன்னேன். தலையைச் சொறிந்தான். "அப்போ கிராங்க் சென்சார் சார். சுத்துறதை அதுதான் எண்ணிச் சொல்லும். அது சொல்லலன்னா முள்ளும் ஏறாது, பெட்ரோலும் போகாது."

புரியாதவர்களுக்கு இப்படிச் சொல்வேன். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் அணிவகுத்து நடக்கிறார்கள். டிரில் மாஸ்டர் விசில் ஊதுகிறார். இடது, வலது, இடது, வலது. விசில் நின்றால் எந்தக் காலை எடுத்து வைப்பது என்று யாருக்கும் தெரியாது, மொத்தக் கூட்டமும் நின்றுவிடும். பிள்ளைகளுக்குக் காலில் பலம் இல்லாமல் அல்ல. விசில் இல்லை, அவ்வளவுதான். கட்டைவிரல் பருமனுள்ள இந்த சென்சார்தான் என்ஜினின் விசில்.

மே 18, வியாழன்

சென்சாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய மல்டிமீட்டரை எடுத்து மின்தடையைப் பார்த்தேன். குளிர்ந்த நிலையில் 870 ஓம், மிகச் சரி. பிளாஸ்டிக் பையில் சுற்றி, வெந்நீரில் இறக்கினேன். உலகம்மாள் பால் காய்ச்சும் பாத்திரம்தான் கைக்குக் கிடைத்தது. அவள் இருந்தால் நடந்திருக்குமா? நீர் சூடாகச் சூடாக அளவு ஏறியது. 930. 990. தண்ணீர் கொதிக்கப் போகும் நேரத்தில் மீட்டர் ஒரேயடியாக முடிவிலிக்குப் போய்விட்டது. உள்ளே கம்பி விட்டுப் போகிறது. ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது.

மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் அப்படியே. சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன் என்று இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

மே 20, சனி

மாப்பிள்ளைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சென்சார், வெந்நீர், அசையாத முள். நல்ல மனிதர், குறுக்கே பேசவில்லை. கடைசியில் கேட்டார்.

"நாலு தடவை சாவி போட்டியளா மாமா?"

"நாலு தடவை."

"ஏழெட்டு செகண்டு, நடுவுல அஞ்சு செகண்டு."

"ஆமா மாப்பிள்ளை. அதுதான் முறை."

"முக்கால் நிமிசம்" என்று தனக்குள் கணக்குப் போட்டார். "அத்தை அப்ப என்ன செஞ்சாங்க?"

அவர் ஏன் அதைக் கேட்டார் என்று தெரியவில்லை. அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் முள்ளைக் கவனித்துக்கொண்டிருந்தேன் என்றேன். "சரி மாமா, வண்டி கம்ப்யூட்டர்ல ஸ்கேனர் வச்சுப் பாத்து ஒரு ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்க. பேப்பர்ல இருந்தா மங்கைகிட்ட நானே பேசுதேன்" என்றார். இதைவிட என்ன வேண்டும்?

மே 21, ஞாயிறு

பாளையங்கோட்டை. உலகம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரம் இருந்தேன். எழுந்திருக்கவில்லை.

மே 24, புதன்

ஸ்கேனர் வைத்திருப்பவர் குத்துக்கல்வலசைப் பக்கம் இருக்கிறார். பெயர் பிச்சாண்டி. பழைய சென்சாரையே திரும்ப மாட்டி, செய்யது ஓட்ட, மெதுவாகக் கொண்டுபோனோம். ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனர் வயரைச் சொருகிவிட்டு, பிச்சாண்டி சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள மீட்டர் பலகையில் விளக்குகள் எரிந்தன.

"என்ஜின் விளக்கு எரியலையே" என்றார். "சாவியைத் திருப்பினா எல்லாம் ஒருதரம் எரிஞ்சு காட்டணும். பல்பு போச்சோ?"

குனிந்து பார்த்தார். கண்ணாடி மூடியின் மேல் நகத்தால் சுரண்டினார். அவர் விரல்நுனியில் ஒரு மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு வந்தது. அதன் கீழே மஞ்சளாக விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

செய்யது சிரித்துவிட்டான். "என்ன சார் இது, வண்டிக்குப் பொட்டு வச்சிருக்கிய?"

"வீட்டுக்காரிதான்" என்றேன். "பீரோக் கண்ணாடி, குளியலறைச் சுவர், கைக்கு எட்டின இடத்தில் எல்லாம் ஒட்டி வைப்பாள்."

"எங்க வீட்லயும் டி.வி. மேல நாலு இருக்கும்" என்றார் பிச்சாண்டி. அதோடு பேச்சு முடிந்தது. அது அங்கே இருந்ததையே நான் மறந்துபோயிருந்தேன்.

ரிப்போர்ட் வந்தது. கிராங்க் சென்சார் சைகை துண்டிப்பு என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. என் இத்தனை நாள் வேலைக்கு இயந்திரமே கையெழுத்துப் போட்டது போல. கீழே இன்னொரு வரியும் இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்த நிலையில் ஓடிய தூரம்: 1,140 கி.மீ.

"ஆயிரத்து நூத்தி நாப்பதா!" என்று விசில் அடித்தான் செய்யது. "மாசிக் கோயில் கொடையில இருந்தே எரிஞ்சிருக்கும் சார். வந்து ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

பொட்டு மறைத்திருந்ததே, எப்படித் தெரியும் என்றேன்.

மே 25, வியாழன்

புதிய சென்சார் மாட்டியாயிற்று. ஒன்றரை மணி நேரம் வெயிலில் ஓடவிட்டோம். நிற்கவில்லை. தொட்டி மூடியைச் சரி செய்தேன்.

மே 27, சனி

அந்த ஒரு வரி இல்லாமல் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க முடியுமா என்று யோசித்தேன். மேல்பாதியை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் பிள்ளைகள் சோதனை முடிவில் தங்களுக்கு வேண்டாத அளவை அழித்துவிட்டு வந்தால் நான் எத்தனை தடவை பிரம்பை எடுத்திருக்கிறேன்! முழுத்தாளையும் கொண்டுபோகிறேன். யார் ஒட்டினார்கள் என்பது இதில் ஒரு விஷயமே அல்ல. கெட்டது சென்சார்.

ஜூன் 2, வெள்ளி

டாக்டர் நன்றாக இருக்கிறது என்றாராம். வாக்கரோடு வீட்டுக்குள் நடக்கலாம், காரில் பயணம் செய்யலாம். செய்தி கேட்டதும் உலகம்மாளின் அறையைப் பெருக்கித் துடைத்தேன். மேற்கத்திய பாணிக் கழிவறை நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை போய் அழைத்து வருகிறேன்.

ஜூன் 4, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுத முயல்கிறேன்.

காரிலேயே போனேன். கதவு புதிதாக மாற்றியது. சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் இருந்தோம். ரிப்போர்ட்டை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மங்கை, மாமா மேல தப்பில்ல. சென்சார்தான். நான் சொன்னது தப்பு" என்றார். பெரிய மனது. மங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்கப்பா" என்று கண்ணைத் துடைத்தாள்.

அத்தோடு முடிந்திருக்கலாம். மாப்பிள்ளையின் விரல் தாளில் கீழே இறங்கியது.

"மாமா, ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் விளக்கு எரிஞ்சிருக்கே. நீங்க பாக்கலையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உலகம்மாள் மட்டும் முந்தானை ஓரத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அத்தை அதுமேல பொட்டு ஒட்டி வச்சிருந்தா மாப்பிள்ளை" என்றேன். ஏற்கெனவே ஒருமுறை சொன்ன வாக்கியம். சிரமமில்லாமல் வந்தது.

"அம்மா!" என்றாள் மங்கை. "ஒட்டுற எடமாம்மா அது?"

உலகம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. பிறகு மகளைப் பார்த்தாள்.

"ஆமாட்டி" என்றாள். "நான்தான் ஒட்டினேன்."

"எதுக்கும்மா?"

"கண்ணுல குத்துச்சு."

"நல்ல பொம்பள போ! அப்பாவைப் போட்டு இத்தன நாளு நாங்க வறுத்து எடுத்திருக்கோம். நீயும் வாயத் தொறக்காம படுத்துக் கெடந்திருக்க. உன் காலை நீயே ஒடிச்சுக்கிட்ட, தெரியுதா?"

"தெரியுது" என்றாள்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, அத்தைக்கு ஒரு பொட்டு அட்டை கம்மியாக வாங்கிக் கொடுங்கள் என்றார். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர்கள் காப்பி போடப் போனதும் உலகம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பையெல்லாம் எடுத்து வச்சிட்டியா? வெயில் தாழக் கெளம்புவோம்."

"நீங்க கெளம்புங்க."

"டாக்டர் போகலாம்னு சொல்லிட்டாரே. வண்டியும் சரியாயிட்டு. இனிமே பயமில்ல உலகு."

"எனக்கு என்னைக்கு வண்டியப் பாத்துப் பயம்?" குரலை உயர்த்தவேயில்லை அவள். "விளக்கு எரியுது, செய்யதுகிட்டக் காட்டுங்கன்னு சொன்னேன். நடுரோட்டுல நின்னப்ப எறங்கிருவோம், எறங்கிருவோம்னு சொன்னேன். எம் பக்கத்துக் கதவு உங்க பக்கத்து பட்டன்ல பூட்டிக் கெடந்துச்சு. மூணு தடவ சொன்னேன். இரு, இருன்னிய."

"அது எப்படின்னா உலகு, ஒரு ஆசிரியர் வகுப்பில்—"

"உதாரணம் சொல்லாதிய."

நான் நிறுத்தினேன்.

"நாப்பத்தி ரெண்டு வருசம் கேட்டாச்சு" என்றாள். "இங்கயே இருந்துக்கிடுதேன். மங்கை திட்டுனாலும் எங்கிட்டப் பேசித் திட்டுதா."

காப்பி வந்தது. குடித்தோம்.

ஜூன் 5, திங்கள்

நேற்று தனியாகத்தான் திரும்பினேன். ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். என்ஜின் ஓரிடத்திலும் தயங்கவில்லை.

முழுமைக்காக எழுதுகிறேன். மார்ச் முதல் வாரம், ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழி. என்னங்க, மஞ்சளா ஒரு விளக்கு எரியுதே என்றாள். தலைமையாசிரியர் அனுப்பும் சுற்றறிக்கை மாதிரிதான் இதெல்லாம், கையெழுத்துப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டும் என்று உதாரணம் சொன்னேன். அவள் சிரித்தாள், அப்போதெல்லாம் சிரிப்பாள். மறுபடி இரண்டு தடவை சொன்னாள். எனக்கு எரிச்சல் வந்தது. கையை நீட்டி, ஒரு பொட்டு கொடு என்றேன். எதற்கென்று தெரியாமல், அட்டை கையில் இல்லாததால், நெற்றியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கி விளக்கின் மேல் ஒட்டிவிட்டு, இப்போது எரிகிறதா என்று கேட்டேன்.

கல்யாண வீட்டு வாசலில் யாரோ ஒரு பெண், என்ன மதினி வெறும் நெத்தியா வந்திருக்கிய என்று கேட்டதும், குங்குமத் தட்டைத் தேடி இவள் போனதும் இப்போது நினைவுக்கு வருகிறது.

இதை மங்கையிடம் சொல்ல வேண்டும். நாளை சொல்கிறேன்.

ஜூன் 8, வியாழன்

மின்கட்டணம் கட்டினேன். பால் ஒரு பாக்கெட் போதும் என்று சொல்லிவிட்டேன். போன் செய்யவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

காலையில் மங்கையே போன் செய்தாள். சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாள். இப்போதெல்லாம் என்னிடம் மிகவும் பிரியமாகப் பேசுகிறாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லா நடக்கா. உங்களைப் பத்திதான் எனக்குக் கவலையா இருந்துச்சுப்பா, வீணா பழி சுமந்தியளேன்னு" என்றாள். "நானும் உங்க மாப்பிள்ளையும் அம்மாவை உக்கார வச்சுக் கண்டிச்சுட்டோம். இனிமே அப்பா கார்ல ஒரு சாமானையும் தொடப்பிடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். சரிதானப்பா?"

மங்கை பதிலுக்குக் காத்திருந்தாள். பின்னால் வாக்கர் தரையில் ஊன்றி ஊன்றி நகரும் சத்தம் கேட்டது. அருகில் வந்து நின்றது.

சரி என்றேன்.